திட்டம் முடிந்த பிறகு அளப்பது யார்?

2004 டிசம்பரில் சுனாமி தாக்கிய பிறகு, இலங்கையின் களப்புகளின் ஓரமெங்கும் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. கண்டல் காடு அடர்ந்திருந்த இடங்களில் அலையின் சீற்றம் தணிந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியிருந்த நேரம் அது. அயல்நாட்டு உதவி முகமைகள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் திணைக்களங்கள் எனப் பலரும் இந்த வேலையில் இறங்கினார்கள். எல்லாமாகச் சேர்த்து 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடவு முயற்சி நடந்தது.

பத்தாண்டு கழிந்த நிலையில் ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனந்த கொடிகாரவும் உடன் ஆய்வாளர்களும் நடவு நடந்த 23 இடங்களை நேரில் ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டவற்றில் பாதிக்கு மேல் பிழைத்திருந்த இடங்கள் மூன்றுதான்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. காடாக நிலைத்தது என்று சொல்லத்தக்க பரப்பு 200 முதல் 220 ஹெக்டேர். முயன்றதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இந்த முடிவைப் படிப்பவருக்கு முதலில் எழும் சந்தேகம், யாரோ பொய்க் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதாக இருக்கும். அப்படிக் கருதத் தேவையில்லை. இத்தகைய திட்டங்களின் இறுதி அறிக்கைகளில் பொதுவாக இடம்பெறுவது எத்தனை கன்று நடப்பட்டது, எத்தனை ஹெக்டேரில், எத்தனை குடும்பங்களுக்குக் கூலி கிடைத்தது, எத்தனை பயிற்சி முகாம் நடந்தது என்பவை. அவை பெரும்பாலும் உண்மையான எண்களாகவே இருக்கும். கன்று நட்டது உண்மை. நட்டது மரமாயிற்றா என்பது அந்த அறிக்கை எழுதப்படும் நாளில் யாருக்கும் தெரியாது. தெரியவரும் காலத்தில் திட்ட அலுவலகம் மூடப்பட்டிருக்கும். வண்டியும் கணினியும் வேறு திட்டத்துக்குப் போயிருக்கும். அளப்பதற்கென்று ஊதியம் பெறுபவர் ஒருவரும் இருக்கமாட்டார். பன்னாட்டு நிதியில் நடக்கும் சுற்றுச்சூழல் திட்டங்களைப் பற்றி அளவீட்டு முறைகள் போதவில்லை என்று அடிக்கடி பேசப்படுகிறது. முறைகள் நிறைய இருக்கின்றன. பணத்தின் காலக்கெடுவோடு அளவீட்டையும் கட்டிவைத்திருப்பதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் வாதம்.

அந்தக் கட்டு எப்படி விழுந்தது என்று பார்க்கலாம். 1969இல் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமைக்காக லியோன் ரோசன்பெர்க்கும் அவரது குழுவினரும் ஒரு கட்ட அட்டவணையை உருவாக்கினார்கள். லாக்ஃப்ரேம் என்று இன்று எந்தத் திட்ட அலுவலகத்திலும் சொல்லப்படுவது அதுதான். நான்கு வரிசை, நான்கு பத்தி. இடுபொருள், அதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பலன், திட்டத்தின் நோக்கம், அதற்கும் மேலான குறிக்கோள் என்று வரிசைகள் மேலேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதை வைத்து அளப்பது, அதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று எழுத வேண்டும். கடைசிப் பத்தியில் ‘அனுமானங்கள்’: திட்டத்தின் கைக்குள் அடங்காத, ஆனால் நடந்தே தீரவேண்டிய காரியங்கள். சாலை போடும் திட்டத்தில் அந்தக் கடைசிப் பத்தி சிறியது. காடு வளர்க்கும் திட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் இருக்கிறது: மழை, கடலின் ஏற்ற இறக்கம், இறால் விலை, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, நட்ட பிறகு மாடு மேயாமல் காக்கும் ஊராரின் ஒற்றுமை. ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு திரும்பிப் பார்க்காத பத்தியும் அதுவே.

இந்த அட்டவணையைக் குறைசொல்லி ஒதுக்குவது சுலபம். எனினும் அது வருவதற்கு முன்பு, திட்டம் எதற்காக என்பதையே தெளிவாக எழுதாமல் கோடிகள் செலவிடப்பட்டன என்பதை மறக்கக்கூடாது. 1991இல் பணக்கார நாடுகளின் உதவிக் குழு வகுத்த ஐந்து மதிப்பீட்டு அளவுகோல்களில் ‘நிலைத்து நிற்றல்’ ஒன்றாக இடம்பெற்றதும் ஒரு முன்னேற்றமே. ஆனால் அந்த அளவுகோல் நடைமுறையில் என்னவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 1991இல் தொடங்கப்பட்ட உலகச் சுற்றுச்சூழல் நிதியத்துக்குச் சுதந்திரமான மதிப்பீட்டு அலுவலகம் உண்டு. முடிந்த திட்டங்களுக்கு அது தரும் தரநிலைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஏறத்தாழ ஐந்தில் நான்கு திட்டங்கள் திருப்திகரமான பலன் தந்தவை என்று தரம் பெறுகின்றன. நிலைத்து நிற்கும் வாய்ப்பு என்று வரும்போது அந்த விகிதம் ஐந்தில் மூன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த இரண்டாவது தரநிலையும் பெரும்பாலும் திட்டம் முடியும் தறுவாயில் தரப்படுவதே. அதாவது அது ஒரு கணிப்பு. பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்துச் சொன்னதல்ல.

எதை எண்ணுகிறோமோ அதை நோக்கியே வேலை சாயும். கண்டல் நடவில் இந்தச் சாய்வை மிகத் துல்லியமாகக் காணலாம். சுரபுன்னை மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். அதைப் பறித்து வந்து சேற்றில் செருகினால் நடவு முடிந்தது. நாற்றங்கால் தேவையில்லை. ஒருவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செருகலாம். வெண்கண்டலின் விதையோ சிறியது. பையில் வளர்த்து, வேர் பிடித்த பிறகு கொண்டுபோய் நட வேண்டும். கன்றின் எண்ணிக்கையே இலக்கு என்று சொல்லிவிட்டால், களத்தில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இலங்கையிலும் பெருமளவு நடப்பட்டது சுரபுன்னை இனமே, அது வளர ஏற்ற மண்ணா, மட்டமா என்று பாராமல்.

இடத் தேர்விலும் இதே கதை. கண்டல் மரங்கள் இயல்பாக வளர்வது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலே, பெரிய ஏற்றநீர் தொடும் எல்லைக்குள். நாளின் பெரும்பகுதி வேருக்குக் காற்று வேண்டும். அந்த மேல்மட்ட நிலமெல்லாம் ஆசிய நாடுகளில் எப்போதோ இறால் பண்ணைகளாகவும் உப்பளங்களாகவும் மாறிவிட்டது. அதைத் திரும்பக் கேட்டால் வழக்கு, பகை, அரசியல். அதற்குக் கீழே, எப்போதும் நீர் நிற்கும் சேற்று வெளிக்கு உரிமை கோருவார் இல்லை. ஹெக்டேர் இலக்கை மூன்றாண்டுக்குள் எட்ட வேண்டிய அலுவலர் அங்கேதான் போவார். அங்கே கண்டல் பிழைக்காது. சில இடங்களில் கடற்புல் படுகையின் மேலேயே நட்டு, இருந்த வளத்தையும் கெடுத்ததுண்டு.

பிலிப்பைன்ஸ் நாட்டின் கண்டல் அறிவியலாளர் ஜூர்கென் பிரிமவேரா இதை ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் நிதியில் இருபதாண்டுகளாக அங்கே நடந்த நடவுகளை அவரும் உடன் ஆய்வாளர் எஸ்தபானும் 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, நெடுங்காலப் பிழைப்பு விகிதம் 10 முதல் 20 சதவீதம் என்று தெரிந்தது. அதன் பிறகும் எண்ணிக்கை மீதான மோகம் குறையவில்லை. 2012இல் அதே நாட்டின் ராகாய் என்ற ஊரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டல் கன்றுகளை நட்டு உலக சாதனை படைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் டொமினிக் உட்ஹவுஸ் என்ற ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்தபோது எஞ்சியிருந்தவை 2 சதவீதத்துக்கும் குறைவு. சாதனை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அத்தனை மக்களின் உழைப்பும் நல்லெண்ணமும் சேற்றில் போயிற்று என்பதுதான் எனக்கு இதில் மிக வேதனையான பகுதி.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருக்கும் பிச்சாவரத்தில், ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் முழுதாக வெட்டி விற்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து, மண்ணின் ஈரம் வற்றி, தரை தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏற்றநீர் உள்ளே வரும், திரும்பிப் போகாது; தேங்கிக் காய்ந்து உப்பை விட்டுச் செல்லும். அங்கே எத்தனை முறை நட்டாலும் பயனில்லை. காடு குறைந்ததற்குச் சுற்றியுள்ள ஊர் மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி. செல்வமும் குழுவினரும் மண்ணின் உப்பையும் நீரோட்டத்தையும் தரைமட்டத்தையும் அளந்த பிறகுதான் மூல காரணம் நீர் தேங்குவது என்பது உறுதிப்பட்டது.

1990களில் இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு, வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளின் அமைப்பு. ஏற்றநீர் வந்து போக வழி பிறந்ததும் உப்பு இறங்கியது. அதன் பிறகே வாய்க்கால் கரைச் சரிவுகளில் வெண்கண்டல் முதலியவற்றை நட்டார்கள். 1986இலும் 2002இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. இங்கே முதலில் அளந்தது உப்பையும் தண்ணீரையும். கடைசியில் அளந்தது காட்டின் பரப்பை, பதினாறு ஆண்டு இடைவெளியில். கன்றின் எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவே ஒரு வேலைக் குறிப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்பவர் வெஸ்ட் லேக் பகுதியில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் கண்டல் காட்டை ஒரு கன்றும் நடாமலேயே மீட்டார்; நீர்வழியைச் சரிசெய்தார், விதைகளைக் கடலே கொண்டுவந்தது. நடவு எண்ணிக்கையை மட்டும் கேட்கும் படிவத்தில் அவர் சுழியம் என்றுதான் எழுதியிருக்க முடியும்.

பிச்சாவரத்து வெற்றியையும் பாதுகாப்பானதாக எண்ணிவிட முடியாது. ஏற்றநீர் வண்டலையும் கொண்டுவருகிறது. சில ஆண்டுக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். தூர் வாருவது எந்த அயல்நாட்டு நிதியின் காலக்கெடுவுக்குள்ளும் அடங்காத செலவு. அது தேவைப்படுகிறதா என்று பார்ப்பதும் அப்படியே.

அளவீட்டில் இன்னொரு சிக்கல், ஒப்பீடு. காடு குறைந்தால் திட்டம் தோற்றது, கூடினால் வென்றது என்று முடிவுகட்ட முடியாது. உகாண்டாவில் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு 2011 முதல் 2013 வரை நடந்த ஒரு திட்டம் இதைத் தெளிவாகக் காட்டியது. மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 உகாண்டா ஷில்லிங் தருவது திட்டம். 121 கிராமங்களைப் பட்டியலிட்டு, குலுக்கல் முறையில் 60 கிராமங்களில் மட்டும் செயல்படுத்தினார்கள். இரண்டாண்டு முடிவில், பணம் கொடுத்த கிராமங்களிலும் மரப் பரப்பு 4.2 சதவீதம் குறைந்திருந்தது. முன்பின் மட்டும் பார்த்திருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். பணம் கொடுக்காத கிராமங்களில் 9.1 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்ததால்தான் அழிவு பாதிக்கும் கீழே குறைந்ததை உணர முடிந்தது. சீமா ஜெயச்சந்திரனும் மற்றவர்களும் எழுதிய அந்த ஆய்வு 2017இல் சயின்ஸ் இதழில் வெளியாயிற்று. எல்லாத் திட்டத்திலும் குலுக்கல் போட முடியாது. ஒரு வளைகுடாவுக்கு இணையாக இன்னொரு வளைகுடாவை எங்கே தேடுவது?

மன்னார் வளைகுடா அப்படிப்பட்ட இடம். அதே நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உதவ, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரையோரத்தில் உயிர்க்கோளக் காப்பகத்துக்கென ஓர் அறக்கட்டளை அமைந்து 2000களில் பணியாற்றியது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வெட்டியெடுப்பது நின்றது பெரிய மாற்றம். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த கணக்குப்படி, உயிருள்ள பவளத்தின் பரப்பு 2005இல் ஏறத்தாழ 37 சதவீதம், 2009இல் 43. மறு ஆண்டு கடல்நீர் சூடேறிப் பவளம் வெளிறியதில் 33க்கு இறங்கியது. பிறகு மெல்ல 39 வரை தேறி, 2016 வெப்பத்தில் 23க்குச் சரிந்தது. 2009இல் போன மதிப்பீட்டாளர் வெற்றி என்று எழுதியிருப்பார். 2010இல் போனவர் தோல்வி என்று. இரண்டுமே அந்தத் திட்டத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. பாறை வெட்டுவது நின்றதால் கிடைத்த நன்மையையும், உலகக் கடல் சூடானதால் வந்த கேட்டையும் பிரித்தறிய உதவுவது ஒரே இடத்தில் ஒரே முறையில் ஆண்டுக்கணக்கில் எடுத்த கணக்கு. அது நம்மிடம் இருப்பதற்குக் காரணம், கடலோரத்திலேயே இருந்துகொண்டு ஒரு நிறுவனம் விடாமல் மூழ்கிப் பார்த்ததுதான்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 2015இல் வந்த சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை படம் தருகிறது. 1996 தொடங்கி உலகக் கண்டல் காடுகளின் வரைபடங்கள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளன. ஆனால் முழங்கால் உயரக் கன்று அந்தப் படத்தில் தெரியாது. மரமாகித் தழை கூடி, படத்தில் பசுமையாகத் தெரியப் பல ஆண்டு ஆகும். ஆக, திட்டம் நடக்கும் மூன்று நான்கு ஆண்டில் கன்றை எண்ணுவது ஒன்றுதான் வழி. செயற்கைக்கோள் பேசத் தொடங்கும்போது திட்டம் போய்விடுகிறது. மீன் திரும்பியதா, நண்டு பிடிக்கும் பெண்ணின் வருமானம் கூடியதா என்பதை அது எப்போதுமே சொல்லாது.

ஜப்பானியக் கடனுதவி முகமை, திட்டம் முடிந்து மூன்றாண்டுக்குள் வெளி மதிப்பீட்டாளரை அனுப்பி, குறைந்த தரம் கிடைத்தாலும் அறிக்கையை வெளியிடுகிறது. மற்ற பல நிதியளிப்போரைவிட இது மேல். காட்டுக்கு மூன்றாண்டு போதாது.

நான் நம்பிக்கை வைக்கும் முன்மாதிரி பிரேசில். அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசானில் ஆண்டுதோறும் எவ்வளவு காடு அழிகிறது என்று அளந்து வெளியிட்டு வருகிறது. அது எந்த அயல்நாட்டுத் திட்டத்துக்காகவும் தொடங்கியதல்ல. 2008இல் நார்வே நூறு கோடி டாலர் தர முன்வந்து அமேசான் நிதி உருவானபோது, பணத்துக்கான அளவுகோலாக அந்தக் கணக்கையே ஏற்றுக்கொண்டார்கள். நிதி வருவதற்கு இருபதாண்டு முன்பே அளவீடு இருந்தது. பணம் நின்றாலும் அது நிற்க வேண்டியதில்லை. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த அழிவு 2012இல் 4,571ஆகக் குறைந்ததை உலகம் ஐயமின்றி ஏற்றதற்கு இந்தத் தொடர்ச்சியே காரணம். அந்த வீழ்ச்சியில் அயல்நாட்டுப் பணத்தின் பங்கு எவ்வளவு, அரசின் கண்காணிப்பு எவ்வளவு, சோயா விலை எவ்வளவு என்பது இன்னும் விவாதத்துக்கு உரியது. நடந்தது என்ன என்பதில் விவாதம் இல்லை.

2019இல் அழிவு மீண்டும் ஏறுவதாகக் கணக்கு காட்டியபோது அதிபர் பொல்சனாரோ அந்த எண்களைப் பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ தரவுகளின் பக்கம் நின்றார், பதவியை இழந்தார். அமேசான் நிதியும் முடங்கியது. ஆண்டுக் கணக்கோ தொடர்ந்து வெளியாயிற்று. 2023இல் ஆட்சி மாறி நிதிக்கு உயிர் வந்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்ததைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது உலக வங்கியின் உதவியோடு நெய்தல் மீட்சி இயக்கம் நடைபெறுகிறது. கரையோரக் காடுகளும் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. இதில் எத்தனை கன்று நட்டார்கள் என்ற செய்தி நமக்குக் கட்டாயம் கிடைக்கும். கேட்டுப் பெற வேண்டியவை வேறு. நடும் இடங்களின் எல்லை, தரைமட்டம், மண்ணின் உப்பு ஆகியவை நடவுக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். பக்கத்திலேயே கைவைக்காத சில ஓடைகளை ஒப்பீட்டுக்காக விட்டுவைக்க வேண்டும். திட்டத் தொகையில் ஒரு சிறு பங்கைத் தனியே வைப்பு நிதியாக ஒதுக்கி, ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அதே இடங்களை அளக்கும் பொறுப்பைக் கரையோரக் கல்வி நிறுவனங்களிடம் எழுத்து வடிவில் ஒப்படைக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்துக்குப் படகிலேயே போய்விடலாம். அந்த ஓடைகளில் கையாலேயே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர்களுக்கு எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எங்கே நீர் நிற்கிறது என்பது அத்துப்படி. கணக்கெடுப்பில் அவர்களைக் கூலிக்கு அழைக்கும் ஆட்களாக வைத்துக்கொள்ளாமல், பெயர் குறித்துப் பொறுப்பும் ஊதியமும் தந்து சேர்க்க வேண்டும். எடுத்த கணக்கு தமிழில் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்க வேண்டும்.